கேள்விக்காரியின் அம்மா

தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்தும் பூரணி நகரவில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிவிட்டு, ஈரக் கால்களோடு தராசுப் பக்கத்திலேயே நின்றாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தபால்களை, மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அங்கே வைத்துத்தான் பேர் சொல்லிக் கொடுப்பார். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் ஏது? இருநூறு குடும்பத்துக்கும் தோட்டத்தின் பேர்தான் விலாசம். தபால் முதலில் ஆபீசுக்குப் போகும்; பெரிய கிளாக்கர் மனசு வைத்தால் மலைக்கு வரும். அன்றைக்கு இரண்டே பேரைக் கூப்பிட்டார்கள். வினோதா பேர் இல்லை.

வினோதா அவளுடைய ஒரே மகள். ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணி, டீச்சர் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். தெரிவானவர்கள் பட்டியலில் அவள் பேர் இருந்ததைப் போனில் பார்த்தாகிவிட்டது. நேர்முகத் தேதி தபாலில்தான் வரும் என்று போட்டிருந்தது. டீச்சர் கல்லூரிக்குப் போன் அடித்துக் கேட்டதற்கு, அனுப்பியாச்சு, வீட்டில் பாருங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

டீச்சர் ஆகாமல் அவள் வேறென்ன ஆவாள்! பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வாயில் கேள்விதான். ஏழு வயதில் மாடசாமி கோயில் திருவிழாவில், கடாவின் தலையில் தண்ணீர் தெளித்து, அது சிலுப்பியதும் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பூசாரி மூக்கன் அரிவாளை எடுத்தார். “தண்ணி ஊத்துனா யாருந்தான் தலைய ஆட்டுவாங்க. ஊத்தாம கேளுங்க” என்றாள் இவள், கூட்டத்துக்கு நடுவில். மூக்கன் முறைத்த முறைப்பில் தோட்டமே அடங்கிப் போனது. பூரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பூரணி அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஏன் என்று கேட்டதற்கு வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிய கை அவளுடையது. தன் பிள்ளை கேட்டால் கை ஓங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். தெரியாததைத் தெரியாது என்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து எனக்கும் சொல்லு என்றாள். பெண்ணுக்கு இத்தனை வாய் ஆகாது என்று அக்கம்பக்கம் முணுமுணுத்தபோது, வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்று வாயை அடைத்தாள்.

அப்படிப்பட்டவள்தான் இந்தத் தடவை மகளைத் தடுத்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வினோதா ஆபீசுக்குப் போய், உத்தியோகத்தர்களின் ஸ்டாப் குவாட்டர்சுக்கு வாசல்வரைக்கும் தபால் வருகிறதே, லயத்துக்கு ஏன் வரவில்லை என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டிருந்தாள். பூரணி மகளுக்கு நாக்கு நீளம் என்று அவர் கங்காணியிடம் சொல்லி அனுப்பினார். அன்று பூரணிக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தக் கேள்விக்காகத்தான் தபாலை அமுக்கி வைத்திருக்கிறாரோ என்று தோன்றியது.

“நானே போயி கேட்டுட்டு வாரேம்மா” என்று மகள் கிளம்பியபோது கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம் தாயி. கோவத்துல கிழிச்சிப் போட்டாங்கன்னா? ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுப்போம்.”

அம்மா சொன்னால் காரணம் இருக்கும் என்று வினோதா உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து பதினாறாம் நாள் சாயந்தரம் வினோதா பேர் வந்தது. பூரணி கவரோடு ஏற்றத்தில் லயத்துக்கு ஓடினாள். வினோதா கவரைப் பிரித்து வாசித்தாள். முத்திரை போன மாதத்தது. நேர்முகம் முந்தாநாள் முடிந்திருந்தது. கல்லூரிக்கு அடித்தாள். வராதவர்களுக்கு மறுபடி கூப்பிட மாட்டோம் என்றார்கள். அவள் கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு அடுப்பில் தேத்தண்ணி போடப் போனாள்.

நீதானேம்மா போக வேண்டாம் என்றாய், ஏன் சொன்னாய் என்று அவள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று பூரணிக்கு ஏக்கமாக இருந்தது. கத்தட்டும், சட்டி பானையை உடைக்கட்டும். ஒன்றுமில்லை. அடுத்த நாளும் மகள் வாளியை எடுத்துக்கொண்டு பேசாமல் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள்.  கேள்வி கேட்காத இந்தப் பிள்ளையையா நான் வளர்த்தேன் என்று பெற்ற வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஆபீசுக்கு நடந்தாள். லயத்து ஆட்கள் முற்றத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பேசுவதுதான் அங்கே வழக்கம். பூரணி படியேறி, சிவப்புச் சிமெந்துத் தரையில் சேற்றுக்காலோடு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, எம்மக காயிதம் ஒரு மாசமா எங்கங்க இருந்துச்சு?”

பெரிய கிளாக்கர் அவள் காலைப் பார்த்தார். “ஓம் மக சொல்லி அனுப்புனாளா?”

“அவ கேக்கலங்க. நாந்தான் கேக்குறேன்.”

அவர் உள்பக்கம் திரும்பித் தரையைத் துடைக்கச் சொன்னார். பேச்சியம்மா வாளியோடு வந்தாள், பூரணி வீட்டுக்கு அடுத்த காம்பராக்காரி. குனிந்த தலை நிமிராமல் படியிலிருந்து ஒவ்வொரு தடமாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசை ஓரத்தில் ரப்பர் பட்டி போட்ட லயத்துத் தபால் கட்டு ஒன்று இருந்தது. பெரிய கிளாக்கர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையை அதன் மேல் வைத்தார்.

“காலக் கொஞ்சம் எடு, பூரணி” என்றாள் பேச்சியம்மா மெதுவாக.

பூரணி எடுக்கவில்லை. ஈரத்துணி அவள் பாதங்களைச் சுற்றி ஒருமுறை போய் வந்து நின்றது.