குடையாகப் போன படகு

1

எங்கள் குடியிருப்பின் மதில் சுவரில் ஒரு படகு இருக்கிறது. எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து வரைந்த சுவர். அதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், கதையாகிவிட்டது.

முதல் வரி: 'அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு மாடியிலும் கீழேயும் குடியிருந்த ஓரகத்திகள் இருவரும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு குக்கர் மூடி, அது...'

(நிறுத்திவிட்டேன். பேசாதது உண்மை. குக்கர் மூடி என் கைச்சரக்கு.)

2

சுவரில் வரைய வேண்டிய படத்தை, எங்கள் குடியிருப்பு ஓவிய டீச்சர் துண்டு துண்டாக வெட்டி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அதைப் பார்த்துச் சுவரில் அவரவர் கட்டத்தை நிரப்ப வேண்டும். மூத்தவளுக்கு மேல் கட்டம், இளையவளுக்கு நேர் கீழ்க் கட்டம். [வேண்டுமென்றே செய்தாரா? கேட்டேன், சிரித்து மழுப்பிவிட்டார்.]

இளையவள் துண்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஆசை ஆசையாய் ஒரு சிவப்புக் குடை வரைந்தாள். உண்மையில் அது படகு. கைப்பிடி என்று அவள் நினைத்தது பாய்மரக் கம்பம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நான் உட்பட.

அவள் முகம் சுருங்கிப்போனது. இங்கே வாழ வந்த நாள் முதல் தொட்டது எதுவுமே உருப்படவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளைப் பெயின்ட் வாளியை எடுத்தாள். அழித்துவிட்டு உள்ளே போனால் இனி இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாள்.

3

"அழிக்காத."

ஏணி மேலிருந்து மூத்தவளின் குரல்.

"எல்லாரும் சிரிக்கிறாங்கக்கா."

"சிரிச்சிட்டுப் போகட்டும். அந்தச் சிவப்ப இங்க குடு. ஏணியப் பிடிச்சுக்கோ, ஆடுது."

மூத்தவள் தன் கட்டத்துப் பறவைகளைக் கைவிட்டு, குடையின் முதுகோடு அடிப்பாகம் ஒட்ட, நேராக ஒரு படகு வரைந்தாள். கீழே இருந்தது தண்ணீரில் தெரியும் அதன் நிழலாகிவிட்டது.

சிரித்த நாங்களே ஆளுக்கொரு பிரஷ்ஷோடு வந்து, அக்கம்பக்கத்துக் கட்டங்களிலும் தண்ணீரை நீட்டினோம். நான் வரைந்த மாடு இன்றும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. அதற்கும் சேர்த்து அந்தக் குடைக்கு நன்றி.

4

முடிவு ஒன்று: அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாக டீ குடித்தார்கள். (சர்க்கரை தூக்கல்.)

முடிவு இரண்டு: மறுநாள் பழையபடி முகத்தைத் திருப்பி... (எழுதக் கை வரவில்லை.)

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். படம் முடிந்த பிறகும் மூத்தவள் இறங்கவில்லை, இளையவள் ஏணியை விடவில்லை. ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போகவில்லை.

மூத்தவளை ஏணியிலிருந்து இறக்கிவிடும் வேலை உங்களுடையது, வாசகரே. அவசரமே இல்லை.