ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வாய்ப்பூட்டு

மீன் விற்பவனை மீன் சாப்பிட வெளியே கூட்டிப்போகக் கூடாது. இது என் மனைவியின் கருத்து, பட்டு அனுபவித்துச் சொன்னது. மச்சினியின் கல்யாண விருந்தில் நான் சமையல்காரரைக் கூப்பிட்டு, அவர் பொரித்திருந்த மீனுக்கு என்ன வயது என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். இன்னொரு முறை ஒரு ஹோட்டலில், செவுளைக் காட்டுங்கள் என்று சமையலறைக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். இரண்டு இடத்திலும் நான் சொன்னது சரிதான். இரண்டு இடத்திலும் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள் என்பதும் உண்மைதான்.

சந்தையில் எங்கள் கடையில் தராசு என்னிடம், கத்தி அவளிடம். அவள் இடக்கைக்காரி. மீனின் விலாவில் அவள் போடும் மூன்று கீறலும் மற்றவர்கள் போடுவதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், இது எங்கள் கடைச் சரக்கு என்று.

இருபத்து மூன்றாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“வேற யாராவது கழுவி, வேற யாராவது வெட்டி, வேற யாராவது சமைச்ச மீனை நான் உட்கார்ந்து சாப்பிடணும். நீங்க எதிர்ல உட்கார்ந்துக்கலாம். ஆனா மீனைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்க, எந்திரிச்சுப் போய்ட்டே இருப்பேன். அப்புறம் ஜென்மத்துக்கும் உங்களோட வெளிய வரமாட்டேன்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. சரி என்று தலையாட்டினேன்.

தெருமுனையில் தொப்பியின் மீன் ஹோட்டல் இருக்கிறது. அடுப்படியிலும் தொப்பியைக் கழற்றாத ஆள் என்பதால் அந்தப் பெயர். மீன் எங்களிடம்தான் வாங்குவார், கணவாயும் இறாலும் வேறு கடையில். “நாளைக்கு அவளுக்கு லீவு. மீனை வெட்டாமலே அனுப்பறேன், நீங்களே வெட்டிக்கோங்க” என்று முதல் நாளே சொல்லி வைத்தேன். காலையில் கடையைச் சீக்கிரம் மூடும் அவசரத்தில் பெட்டிகளை ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

எட்டு மேசை, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு பக்கம் ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. மத்தியான நேரம், பாதி மேசைகளில் ஆள் இருந்தார்கள். அவள் உட்கார்ந்ததும் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாருங்க.”

“சோப்பு வாசனை.”

“அதான்!” என்று சிரித்தாள். லீவு நாளில்தான் அவள் கையில் சோப்பு வாசனை நிற்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீளத் தட்டில் முழுக் கொடுவா வந்தது. சுட்டு, மேலே வதக்கிய வெங்காயத்தையும் எலுமிச்சைத் துண்டுகளையும் போட்டு மூடியிருந்தார்கள். அவள் தண்ணீர் கேட்கத் திரும்பிய நேரத்தில், பழக்க தோஷம், கரண்டியால் வெங்காயத்தைக் கொஞ்சம் ஒதுக்கினேன்.

மூன்று கீறல். எதிர்ப்பக்கச் சாய்வு.

எலுமிச்சைக்கு அடியிலிருந்து ஒரு வாடை மெல்ல என் மூக்குக்கு வந்தது. எங்கள் கடையில் அன்றன்றைய மீன் பச்சைப் பெட்டியில் இருக்கும். விற்காமல் கிடந்தது நீலப் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து பூனைத் தீவனம் செய்பவரிடம் போகும். இந்தக் கொடுவாவை முந்தாநாள் அவள் வெட்டினாள், யாரோ வேண்டாம் என்று விட்டுப் போனார்கள், நான்தான் நீலப் பெட்டியில் போட்டேன். காலையில் அவசரத்தில் பெட்டி மாறிவிட்டது. இன்று ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் யோகம்.

அடப்பாவி என்றேன், மனதுக்குள், என்னைத்தான்.

“பரவாயில்லையே! மீன் வந்து இவ்வளவு நேரமாச்சு, வாயே திறக்கல” என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல வருஷமாகிறது. எனக்காக இவர் மாறிவிட்டார் என்று நினைக்கிறாள். சொன்னால் எழுந்துபோவாள். சொல்லாவிட்டால் கெட்டதைத் தின்பாள்.

முழங்கையால் தட்டைத் தள்ளிவிடப் பார்த்தேன். கத்தி பிடித்த கையல்லவா, விழுவதற்குள் பிடித்துவிட்டாள்.

“பாத்துங்க!”

“ரொம்பப் பசிக்குது. முழுசா நானே சாப்பிட்டுக்கறேன், நீ வேற சொல்லிக்கோ” என்று தட்டை என் பக்கம் இழுத்தேன்.

“நல்லா இருக்கே நியாயம்!” என்று சிரித்தபடி ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். துண்டு வாய்க்குப் பக்கத்தில் போனது.

“சாப்பிடாத! மீன் கெட்டுப்போச்சு!”

ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. தொப்பி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“தம்பி, இதோட வந்த மத்த மீனெல்லாம் எங்க?” என்று கேட்டேன்.

“இன்னும் அடுப்புல ஏறலண்ணே, மத்த மேசைக்கெல்லாம் கணவாயும் இறாலும்தான். ஏன், என்னாச்சு?”

“ஏத்தாதீங்க. எல்லாரும் கேட்டுக்கோங்க, இவர் மேல ஒரு தப்பும் இல்ல. கெட்ட மீனை வித்தது நான். பெட்டி மாத்தி அனுப்பிட்டேன்.”

தொப்பி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெட்டாம தரேன்னீங்க, வெட்டியே வந்துச்சு. அண்ணிக்கு லீவே கிடைக்கல போலன்னு நெனச்சேன். உங்க பெட்டியை நான் என்னிக்குண்ணே மோந்து பாத்திருக்கேன்?”

இத்தனை வருஷமாக எத்தனையோ பேரைக் கூனிக்குறுக வைத்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். வெங்காயத்தை ஒதுக்கித் தன் மூன்று கீறலையும் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் தொப்பியின் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, இதை எடுத்துட்டுப் போங்க. கணவாய் இருக்கா? யார் வெட்டினது?”

“வேற கடை, அண்ணி. சத்தியமா.”

“அப்ப அதைக் கொண்டாங்க.”

பிறகு மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் தலை நிமிரவில்லை. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து திரும்பினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“இருபத்தி மூணு வருஷமா கத்தறீங்க. இன்னிக்குத்தாங்க சரியான ஆளைப் பாத்துக் கத்தியிருக்கீங்க” என்றாள்.