சந்தனம் பட்ட டேப்

சாமிதுரைக்குப் பக்தி அதிகம், தைரியம் குறைவு. இரண்டும் சேர்ந்துதான் அவனைக் கவிழ்த்தன.

அரியலூருக்கு வெளியே இருந்த அந்தச் சிமெண்ட் ஆலையில் 1988-இல் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். கண்ணாடி அறை, ஏ.சி., செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாமிதுரை அதற்கு ஆபரேட்டர். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றே போய்ச் சேர்ந்தவர்கள். அதன் பிறகு அக்கா ஆண்டாயிதான் அதே ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் பொறுக்கி அவனைப் படிக்க வைத்தாள்.

அவளும் இன்னும் பதினொரு பெண்களும் தங்களை நிரந்தரமாக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார்கள். ஏழு வருஷமாக வெயிலில் வெந்தவர்களை, "எப்பவாச்சும் வந்து போற ஆளுங்க" என்று கான்டிராக்டர் கூசாமல் சொன்னான். வருகைப் பதிவேடான காகித மஸ்டரைக் கரையான் அரித்துவிட்டதாம். கடைசி மூன்று வருஷ வருகைப் பதிவு மட்டும் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை வரும் திங்கட்கிழமை திருச்சியில் லேபர் ஆபீசர் முன் வைத்தால் பன்னிரண்டு பேருக்கும் வழி பிறக்கும். வைக்காவிட்டால் கதை முடிந்தது.

"அந்த பிரிண்டை எடுத்துக் குடுத்துடுறா தம்பி" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் ஆண்டாயி.

"எடுத்துடலாங்க்கா" என்பான். ரிப்பன் தேய்ந்துவிட்டது என்று ஒரு வாரம், பேப்பர் வரவில்லை என்று ஒரு வாரம். உண்மையில் மேனேஜர் முருகையன் பார்த்துவிட்டால் வேலை போய்விடுமே என்ற நடுக்கம். அக்கா போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவனுக்கு இந்த நடுக்கம் எங்கிருந்து வந்ததோ.

வெள்ளிக்கிழமை காலை மெட்ராஸிலிருந்து பஸ் பார்சலில், பாட்டுக் கேசட் மாதிரி ஒரு டேப் வந்தது. ஆலையின் மிஷின் யுனிக்ஸ் என்ற சாஃப்ட்வேரில் ஓடியது. அதில் ஏதோ ஓட்டை, வேலைக்கு நடுவே மிஷின் அப்படியே உறைந்துவிடும். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடுகிற மாதிரி அதற்கொரு ஒட்டு. பேட்ச் என்றார்கள்.

புதுப்பொருள், அதுவும் வெள்ளிக்கிழமை. சாமிதுரை சும்மா விடுவானா? டேப்புக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, சூடம் காட்டித்தான் டிரைவில் சொருகினான். முதுகில் வைத்திருந்தால் வம்பில்லை. டேப் ஓடும் வாய்ப்பக்கம் வைத்துத் தொலைத்தான்.

பாதி ஓடி நின்றது. படிக்க முடியவில்லை என்றது திரை. வெளியே எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து டேப்பைத் துடைத்தான். டிரைவுக்குள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தையும் துடைத்தான். மூன்றாம் தடவை முழுதாகப் படித்தது. பெருமூச்சு விடுவதற்குள் அடுத்த இடி: டிஸ்கில் இடமில்லை என்று பேட்ச் நடுவில் நின்றுவிட்டது. மறுபடி போட்டான். அதே இடத்தில் அதே பதில்.

டிரங்க் கால் போட்டார்கள். மெட்ராஸ் இன்ஜினியர் சொன்னான்: "பழசு எதையாச்சும் அழிச்சு இடம் பண்ணுங்க. அரைகுறை பேட்ச்சோட மிஷினை ஆஃப் பண்ணாதீங்க, அப்புறம் எழுந்திருக்காது."

நாலு மணிக்கு ஆலையில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தப்போகிறார்கள். அப்போது மணி மூன்று.

"எது பெருசா கெடக்கு?" என்றார் முருகையன்.

"உங்க லெட்டருங்க கொஞ்சம் இருக்கு சார். அப்புறம்... மைன்ஸ் மஸ்டர்."

"என் லெட்டர்ல கை வெக்காத. கான்டிராக்ட் ஆளுங்க மஸ்டர் இனிமே எதுக்கு? தூக்கு அதை."

எங்க அக்கா பேர் அதில் இருக்கிறது சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. "டேப்புல ஒரு காப்பி எடுத்துட்டு அழிச்சிடுறேன் சார்" என்றான். அதைச் சொன்னதே பெரிய வீரமாகப் பட்டது அவனுக்கு.

காலி டேப் ஒன்றில் மூன்று வருஷமும் ஏறியது. டிரைவு ஒரு குறையும் சொல்லவில்லை. எழுதிய டேப்பை ஒருமுறை திருப்பிப் படித்துப் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். இது அவனே சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதி. படிக்க இருபது நிமிஷம் ஆகும். மணி மூன்றரை. முருகையன் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

அழித்தான். பேட்ச் ஏறியது. மிஷினை முறையாக நிறுத்தி முடித்தபோது நாலுக்கு ரெண்டு நிமிஷம்.

"பரவால்லயே சாமிதுரை" என்று முருகையன் முதுகில் தட்டினார். ராத்திரி படுக்கும்வரை அந்தத் தட்டு முதுகில் இனித்தது.

சனிக்கிழமை முருகையன் லீவு. பிரிண்டருக்குப் புது ரிப்பன் மாட்டி, டேப்பைச் சொருகினான். படிக்க முடியவில்லை என்றது திரை. திரும்பச் சொருகினான். அதே வார்த்தை. டிரைவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். டேப் உரசி ஓடும் தலையின் அடியில், நேற்றுப் பஞ்சு எட்டாத இடத்தில், சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் இத்துனூண்டு குங்குமம்.

சுரண்டினான், துடைத்தான், சாயங்காலம் வரை போராடினான். மெட்ராஸில் கேட்டால், "எழுதறப்பவே அழுக்கோட எழுதியிருக்குங்க. இனி வராது" என்று போனை வைத்துவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். புதுப் பேட்ச் போட்ட மிஷின் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு முழுக்க வீட்டுப் பக்கமே போகவில்லை. திங்கள் காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெறுங்கையோடு போனான். பன்னிரண்டு பேரும் துவைத்த சேலையில் நின்றிருந்தார்கள். திருச்சி பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்தா வந்துட்டான் என் தம்பி. நாந்தான் சொன்னேன்ல?" என்று மற்றவர்களிடம் சொன்ன ஆண்டாயி, மடியில் முடிந்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். விடியற்காலையில் கோயிலுக்குப் போய் வாங்கி வந்த சந்தனம். அதைத் தம்பி நெற்றியில் இட்டுவிட்டுக் கேட்டாள்.

"எங்க பன்னெண்டு பேரு பேரும் அதுல இருக்குல்லடா?"

சாமிதுரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருந்துச்சுக்கா" என்றான்.