குதிகாலில் ஓர் ஆணி

வெள்ளிக்கிழமை மதியம், ஜெருசலேமின் வடக்குச் சரிவில் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய நிமரின் பொக்லைன் ஒரு பழைய கல்லறையின் கூரையை உடைத்துவிட்டது. சற்று நேரத்தில் கறுப்பு அங்கி அணிந்த வைதீக யூதர்கள் வேலியருகே கூடி, செத்தவர்களைத் தொடாதே என்று கத்தத் தொடங்கினார்கள். தொல்லியல் துறையின் எலும்பு ஆய்வாளர் ஹகீத் அவர்களைத் தாண்டிக் குழிக்குள் தவழ்ந்து போனாள்.

கூட்டத்தின் தலைவர் ரெப் ஃபைவல் குழியை விட்டுத் தள்ளியே நின்றார். ஆரோனின் புரோகித வம்சம். தீட்டு என்பதால் கல்லறைக்குக் கிட்டே போகக்கூடாது.

"அம்மா, எலும்பு இருக்கா இல்லையா? நான் எட்டிப் பாக்கவும் முடியாது. நீங்க சொல்றதுதான்."

"பாத்துட்டு சொல்றேன். உங்க ஆளுங்களை முதல்ல வாயை மூடச் சொல்லுங்க."

உள்ளே ஒரு சுண்ணக்கல் பேழை. அந்தக் காலத்தில் உடலைப் பாறைத் திட்டில் கிடத்துவார்கள். ஓராண்டில் தசை போனதும் மகன் வந்து எலும்புகளைப் பொறுக்கிப் பேழையில் வைப்பான். அதனால்தான் பேழை தொடையெலும்பு அடங்கும் நீளத்துக்கு மேல் இருப்பதில்லை. ஹகீத் மூடியை நகர்த்தினாள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு குதிகால் எலும்பு. அதன் குறுக்கே ஓர் இரும்பு ஆணி.

ரோமர்கள் சிலுவையில் அறைந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தடயம் மட்டும் அநேகமாக இல்லை. வீரர்கள் ஆணியைப் பிடுங்கி அடுத்தவனுக்கு அடிப்பார்கள். இந்த ஆணியோ மரக்கணுவில் மோதித் தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது. பிடுங்க முடியாமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். இந்நகரில் இதற்கு முன் இப்படிக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சிலுவையில் செத்தவர்களைப் பொதுக்குழியில்தான் வீசினார்கள், இயேசுவைக் கல்லறையில் வைத்த கதையை நம்ப முடியாது என்பவர்கள் அந்த ஒன்றை விதிவிலக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது. இவன் இயேசு அல்ல, யாரோ ஒருவன். ஆனால் சிலுவையில் செத்தவனையும் முறையாகப் புதைத்தார்கள் என்பதற்குச் சாட்சி.

சட்டப்படி ஆணி அவள் துறைக்கு, எலும்பு மண்ணுக்கு. துரு இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. பிரித்தால் பொடியாகிவிடும்.

நிமர் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "பைக்குள்ள போட்டுக்கங்க டாக்டரம்மா. பெரியவரு இறங்கியா பாக்கப்போறாரு?"

"பைக்குள்ள போனா, கடைத்தெருவுல விக்கிற ஆணிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இந்தத் தூசிக்குள்ள கிடந்தாத்தான் இதுக்கு மதிப்பு."

வெளியே வந்து உள்ளதை அப்படியே சொன்னாள். ரெப் ஃபைவல் குழியின் பக்கம் கையை நீட்டினார்.

"ஆணியும் மண்ணுக்குத்தான். ஒருத்தனைக் கொன்ன மரம், கல்லு, கத்தி எல்லாத்தையும் புதைச்சிடணும்கிறது எங்க வழக்கம்."

"யாரும் எடுக்க வேண்டாம், இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து அசைக்காம படம் எடுத்துக்கிறேன்."

"படிச்சவங்க விரலுக்கு அரிப்பு ஜாஸ்தியாச்சே."

"உங்க ஆள் ஒருத்தரை என் விரலையே பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுங்க."

தாடிக்குள் சிரித்துத் தலையாட்டினார். நிமர் ஒரு கற்பலகையைக் குழியின் மேல் இறக்கினான்.

சூரியன் சாய்ந்தது. யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் சங்கு ஊதியதும் கூட்டம் கலைந்தது. இனி நாளை இருட்டும்வரை அவர்கள் வண்டி ஏறமாட்டார்கள், போனைத் தொடமாட்டார்கள். தெருவே வாய் மூடிக்கொண்டது.

நிமர் மட்டும் போகாமல் நின்றான்.

"டாக்டரம்மா, வண்டியை சாவியோட விட்டுட்டுப் போகச் சொல்லிட்டாரு முதலாளி."

"எதுக்கு?"

"பலகையைத் தூக்கிட்டுக் குழியை ரொப்ப காங்கிரீட் லாரி வருதாம். நான் மாட்டேன்னுட்டேன், வேற டிரைவர் வர்றான்."

"ஓய்வுநாள்லயா?"

"அதனாலதான். இன்னைக்குக் கத்த யாரு வருவாங்க?" அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்களும் கிளம்புங்க. வர்றவங்க நல்லவங்க இல்ல."

அவன் போனபின் ஹகீத் அலுவலகத்துக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அடுத்து ரெப் ஃபைவலுக்கு. போனை அணைத்து வைத்திருந்தார்.

கீழே சரிவில் கலவை உருளை சுழலும் ஓசை கேட்டது. அவள் கற்பலகையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். லாரி வளைவில் திரும்பி, விளக்குப் போடாமல், மெதுவாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.