நாலு பாயிண்ட் டவர்

இருபது வருஷம் மைக்செட் போட்டவன் நான். ஒரு கோயில் கொடையில் எட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, "காணாமல் போன பிள்ளை மேடையில் இருக்கிறது, தாயார் உடனே வரவும்" என்று அரை மணி நேரம் அலறினேன். தாயார் மேடைக்குக் கீழேயே நின்று, "எம் புள்ளதான், எம் புள்ளதான்" என்று கத்தியிருக்கிறாள். என் குழாய்ச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவேயில்லை. இசக்கி செட் என்றால் சும்மாவா என்று இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மைக்செட்டுக்குப் போலீஸ் கெடுபிடி கூடியதும் வைஃபை பெட்டிக்கு மாறிவிட்டேன். கடை குத்துக்கல்வலசையில். குற்றாலத்தில் சீசனுக்கு லாட்ஜ் லாட்ஜாக மாட்டினேன். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்த பெட்டிக்குச் சொல்லும். மெஷ் என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரில் வம்பு பரவுவதும் அப்படித்தான், வேகம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

யாக்கூப் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்குப் பரீட்சையில் தோற்றவன். இப்போது சவூதியில், தமாமில் வேலை. மகள் ஹஸீபாவின் நிக்காஹுக்குத் தேதி வைத்த பிறகு, லீவு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். மகளை நேரில் பார்த்து நாலு வருஷம்.

"இசக்கி, நிக்காஹ மட்டும் நான் பாத்துரணும்லே. வேற ஒண்ணும் கேக்கல" என்றான் போனில். குரல் உடைந்ததைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நிக்காஹ் நடக்கும் இடம் அச்சன்புதூருக்கு வெளியே அவர்கள் தென்னந்தோப்பு வீடு. அங்கே போனை வைத்துத் தேங்காய் உடைக்கலாம், பேச முடியாது. ஊருக்குள் இன்டர்நெட் கேபிள் வந்திருக்கிற ஒரு மாடியில் முதல் பெட்டி, வழியில் ஒரு பனையில் இரண்டாவது, தோப்பு வாசல் மோட்டார் ரூமில் மூன்றாவது, வீட்டுப் பந்தல் காலில் நாலாவது. செட்டிங்கில் நாடு இந்தியா என்று போட்டால், இவ்வளவுதான் கத்துவேன் என்கிறது பெட்டி. வேறொரு நாட்டின் பெயரைப் போட்டேன். கூச்சம் விட்டுப்போயிற்று. நாலிலும் முழுப் பவர் வைத்தேன். சட்டப்படி தப்புத்தான். மைக்செட்காரனுக்கு அதெல்லாம் புதுசா?

அன்று காலையிலிருந்தே சாரல். யாக்கூப்பின் தம்பி முகம்மது சலீம் போனோடு தோப்பு வாசலில் நுழையும்போதே, "அண்ணாச்சி, நாலு பாயிண்ட் டவர்!" என்று கூவினான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. போனை முன்னறையில் ஹஸீபாவுக்கு எதிரே நிறுத்தினோம். யாக்கூப் முகம் பளிச்சென்று வந்தது. புது வெள்ளைச் சட்டை, தொப்பி, பின்னால் ஏதோ ஸ்டோர் ரூம் அலமாரி.

"ஒண்ணும் தெரியலயேலே. கறுப்பா இருக்கு. சத்தமும் கேக்கல" என்றான்.

நிக்காஹ் நடத்திவைக்க வந்த அசரத்து கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குப் புளியங்குடியில இன்னொரு நிக்காஹ் இருக்கு. பத்து நிமிஷம் பாப்போம்."

"பவர ஏத்துங்க அண்ணாச்சி!" என்றான் சலீம்.

"இதுக்கு மேல ஏத்தணும்னா மேகத்துலதான் மாட்டணும்லே."

பந்தல் கால் பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். தட்டினேன். கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தேன். அங்கே யாக்கூப், "தெரியுதா? நான் தெரியுதேனா?" என்று வெறும் கறுப்பைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

யாக்கூப் மனைவி ஆசியா வந்து நின்றாள். "அண்ணாச்சி, அவுக பேசுறது எல்லாம் இங்கன வருது. இங்கன இருந்து ஒண்ணும் போவலயே. ஒங்க பெட்டி கத்துதது சரி, நாங்க சொல்லுதது அதுக்குக் கேக்குதா?"

மேடைக்குக் கீழே நின்ற அந்தத் தாயார் ஞாபகத்துக்கு வந்தாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சலீம் வாசலில் நுழைந்தபோது போன் பிடித்தது மோட்டார் ரூம் பெட்டியை. அது போட்ட சத்தத்தில் போன் வீடு வந்தும் அதை விடவில்லை. ஆனால் போனின் குரல் சின்னக் குரல். இருநூறு மீட்டரும் நனைந்த ஓலைகளும் தாண்டி அது அங்கே போய்ச் சேரவில்லை. பந்தல் காலில், கூப்பிடு தூரத்தில், நாலாவது பெட்டி வேலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி வேறு. மோட்டார் ரூம் பெட்டி போன்களைக் கூப்பிடும் சத்தத்தை மட்டும் லேப்டாப்பில் குறைத்தேன். போலீஸ் வராமல் நான் சத்தத்தைக் குறைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஐயோ அண்ணாச்சி, பாயிண்ட் குறையுது! மூணு... ஒண்ணு... போச்சு!" என்று சலீம் அலறினான்.

யாக்கூப் முகம் அப்படியே உறைந்தது. பிறகு மறைந்தது. ஆசியா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் குற்றாலத்துக்குப் போய் அருவியிலேயே குதித்திருக்கலாம். பத்து நிமிஷம் ஆயிற்று என்று அசரத்து எழுந்து, நிக்காஹைத் தொடங்கப் பந்தலுக்கு நடந்தார். நான் போனுக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றேன்.

போன் பந்தல் கால் பெட்டியைப் பிடித்தது. யாக்கூப் வந்தான். கண்ணைச் சுருக்கி, முகத்தைத் திரைக்கு வெகு பக்கத்தில் கொண்டுவந்தான். இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்தான்.

"ஏலே இசக்கி, தள்ளி நில்லுலே மூதி! எம் மவள மறைச்சிக்கிட்டு நிக்குத."

அவன் திட்டத் திட்ட எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தள்ளி நின்றேன்.