கேட்டவர்களுக்கு வீங்கும்

எங்கள் ஊரில் அடி வாங்கியவருக்கு வலிக்காது. அந்தச் சத்தம் யார் காதில் விழுகிறதோ அவருக்குத்தான் வீங்கும். அடிக்கிறவனுக்கு அந்த நேரம் காது அடைத்துக்கொள்ளும், அது இயற்கை. யாருமே கேட்காவிட்டால்தான், வேறு போக்கிடம் இல்லாமல், வாங்கியவரிடமே தங்கிவிடும்.

அதனால் இங்கே எல்லாரும் காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் எங்களில் ஒருத்தியை அறைந்தால் செக்கிங் டேபிள் மொத்தத்துக்கும் கன்னம் தடிக்கும், வேலை தேங்கும். முதலாளி நல்ல மனுஷன். ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி வைத்துவிட்டார். காலை முதல் சாயங்காலம் வரை பக்திப் பாட்டு. போலீஸ் ஸ்டேஷனில் மனு வாங்குகிற ஏட்டும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் “சொல்லும்மா” என்பார். பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. வீட்டுக்கு வீடு ஒரு சுவர்தான் நடுவில். பக்கத்து வீட்டில் தனசேகரும் அவன் பெண்டாட்டி பூங்கொடியும். அவன் கை ஓங்கினால் லைன் முழுக்க மிக்சி ஓடும். உள்ளே ஒரு தேங்காய்ச்சில் கூட இருக்காது, வெறும் ஜார். மறுநாள் பூங்கொடி கண் வீங்கிப்போய்க் குழாயடியில் நிற்பாள். கட்டினவன் அடிக்கிறான், நமக்கென்ன வந்தது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான் நானும்.

என் வினை என் மகள் தாரிணி ரூபத்தில் வந்தது. அவள் மிக்சியை அணைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். இவளுக்கு உதடு கிழியும், நெற்றி புடைக்கும். பூங்கொடி மறுநாள் பளிச்சென்று பூ வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க வருவாள்.

“உனக்கென்னடி தலையெழுத்து?” என்பேன்.

“அந்தக்காவுக்கு ஒரு நாளாச்சும் ஆறட்டும்மா.”

“ஆறட்டும். உன்ற மூஞ்சிய எவன் பாப்பான்?”

மூஞ்சி போனால்கூடத் தொலைகிறது. எதிர்த் தெருவில் ஒருத்தன் பெண்டாட்டியை உலக்கையால் அடித்தபோது கேட்டது ஒரே ஒரு ஆள், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். செத்துப்போனார். அடி வாங்கிய பெண்தான் துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தாள். இன்னும் நாலு பேர் கேட்டிருந்தால் பங்கு பிரிந்திருக்கும், மனுஷன் பிழைத்திருப்பார். அன்றிலிருந்து தனசேகர் வீட்டில் எதெல்லாம் கனமான சாமான் என்று நினைத்து நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கவின், அவன் அம்மா ஜெகதாம்பாள். அந்த அம்மாவுக்கு முகம் முழுக்கத் தழும்பு, அதன் மேல் அப்பிய பவுடர். மாப்பிள்ளை முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி, ஒரு கீறல் கிடையாது.

“எம் பையன் காதுல எதுவும் விழாதுங்க,” என்றார் ஜெகதாம்பாள் பெருமையாக. “அவங்கப்பா என்னைய அடிக்கறப்ப பக்கத்துலயே உக்காந்து பாடம் படிப்பானுங்க. அத்தன நல்ல பையன்.”

தாரிணி காபித் தட்டோடு வந்தாள். பக்கத்து வீட்டில் ஆரம்பித்தது. லைன் முழுக்க மிக்சிகள் அலறின. நானும் ஓடிப்போய் எங்களுடையதைப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் இவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“அம்மா, இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டான்!” என்று கத்தினாள்.

கேட்பது இவள் ஒருத்திதான். வாசலுக்கு ஓடினேன். லைனுக்கெல்லாம் பொதுவான மீட்டர் பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். மிக்சிகள் நின்றன. அந்த அடியை எங்கள் லைன் மொத்தமும் கேட்டது.

யாரும் சாகவில்லை. ஆளுக்கொரு பல் விழுந்தது. ஜெகதாம்பாளுக்கும் ஒன்று போனது. மாப்பிள்ளைக்கு மட்டும் எல்லாப் பல்லும் அப்படியே இருந்தது.

சாயங்காலமே லைனில் கூட்டம் போட்டார்கள். பல் போன கோபம் எல்லாருக்கும், என் மேல். தனசேகர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான்.

“குடும்பம்னா ஆயிரம் இருக்கும். கரண்டுல கை வெக்க இவங்க யாரு?” என்றான்.

நியாயம்தானே என்றார்கள். மீட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அவனிடமே கொடுத்தார்கள். பொறுப்பான ஆளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பாவிகளா, பல்லுதானே போச்சு, ஒரு உசுரு நின்னுதே!” என்று கத்தினேன். முன்பல் இல்லாததால் பேச்சு காற்றாகப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். இந்தச் சுவரை விட்டு என் மகளைக் கிளப்பினால் போதும் என்று கைகூப்பி உள்ளே கூப்பிட்டேன்.

“பொண்ணப் புடிச்சிருக்குங்க,” என்றார் ஜெகதாம்பாள். “நல்லாக் கேக்கறா. என்ற ஒடம்புல இனி எடமில்லீங்க. எங்கூட்டுல ஒரு ஆள் கேக்கோணும்.”

தாம்பாளத்தை முன்னால் வைத்தார். வெற்றிலை பாக்கு, பழம், பூ, நடுவில் ஒரு வாழையிலை. இலையைப் பிரித்தார். ஒரு ஜோடி காது, கல்தோட்டோடு.

“என்ற மாமியா எனக்குக் குடுத்ததுங்க. அவங்க அடிய நாங் கேட்டேன். என்ற அடிய இவ கேக்கட்டும். சொந்தக் காது ரெண்டு பத்தாது, எங்கூடு பெருசு.”

காது நல்ல காதுதான், வாடாமல் இருந்தது. நான் வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் தாரிணி தாம்பாளத்தை எடுத்து மாப்பிள்ளைக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

“இவருக்குச் சேருதான்னு வெச்சுப் பாருங்க,” என்றாள்.

ஜெகதாம்பாள் மகனின் கீறல் விழாத முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே எடுத்து வைத்துவிட்டார். அவன் காதுக்கு மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

“பக்கத்து வீட்ல என்னங்க சத்தம்?” என்றான் மாப்பிள்ளை, மிக்சிகளின் இரைச்சலுக்கு நடுவே. இடது கன்னம் தடிக்க ஆரம்பித்தது.

தோடு அவனுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.