பேனா இறங்கும் நேரம்

ஆள் ஒருவர் போய்விட்டால் துக்கம் விசாரிக்க நான்கு பேர் வருவார்கள். பொறி ஒன்று போய்விட்டால், "புதுசா ஒண்ணு வாங்கிக்கோ" என்று சொல்ல நாற்பது பேர் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை, நிரலர் ஒருவருடைய மைத்துனரின் பட்டறையில் பழைய கணிப்பொறி ஒரு முறை முனகிவிட்டு அடங்கியபோதும் அப்படித்தான் நடந்தது. வாங்கலாம்தான். ஆனால் அதனோடு இணைந்திருந்த வரைபொறியை என்ன செய்வது?

மைத்துனர் தைப்பது கடையில் கிடைக்காத காலணிகள். ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள், விரல் இழந்தவர்கள் அவரிடம்தான் வருவார்கள். அவர்களுடைய பாத அளவுகளைக் கொண்டு, கட்டில் அகலம் இருந்த அந்த வரைபொறி, பேனாவைப் பிடித்துத் தாளில் அச்சு வரைந்து தரும். அதைத் தயாரித்த நிறுவனம் கடையைக் கட்டி ஆண்டுகள் பலவாகின்றன. கணிப்பொறியையும் அதையும் பேசவைக்கும் டிரைவர் நிரலை எழுதியவர் அந்த நிரலர்தான், மைத்துனருடைய அக்காள் கணவர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே பின்னறையில், முக்காலி ஒன்றில் குந்திக்கொண்டு, பொறியின் ஒவ்வொரு கட்டளையையும் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்து எழுதினார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார்.

எழுதிய மூலநிரல் எங்கே என்று கேட்டுவிடக் கூடாது. வீடு மாற்றிய அவசரத்தில், 'வேண்டாதவை' என்று தம் கையாலேயே எழுதி ஒட்டிய பெட்டியோடு அதைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தவர் அவர். எஞ்சியிருந்தது பொறிக்கு மட்டுமே புரியும் வடிவம்.

"அத்தான், நீங்க எழுதுனது உங்களுக்கே புரியாதா?" என்றார் மைத்துனர்.

"நான் எழுதுனதுதான். ஆனா அது பழைய கெர்னல்கிட்ட மட்டுந்தான் பேசும். எங்கிட்டப் பேசாது."

"அக்காகூடத்தான் பாதி நாள் உங்ககிட்டப் பேசறதில்ல. அதைச் சமாளிக்கலையா?"

சிரிப்பதற்கு நேரமில்லை. அந்தப் பகுதியின் தபால்காரம்மாவுக்கு இடக்கால் ஒன்றரை அங்குலம் குட்டை. உயரம் கூட்டித் தைத்த காலணியின் அடி பிளந்துவிட்டது. திங்கட்கிழமை அவர் தம் சுற்றுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் கடிதம் பிரிக்கும் மேசையிலேயே நிரந்தரமாக உட்காரவைத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டாராம். பதினேழு ஆண்டுகள் நடந்து பழகியவரை உட்காரச் சொல்வது சலுகையன்று, தண்டனை. அவருடைய அளவுகள் செத்த கணிப்பொறியின் வன்வட்டில் பத்திரமாக இருந்தன. வரைவதற்குத்தான் வழியில்லை.

கெர்னல் என்பது கணிப்பொறி என்னும் வீட்டின் நிர்வாகி. இடம் வேண்டுமா, சாதனத்துக்குச் செய்தி போக வேண்டுமா, சற்றுக் காத்திருக்க வேண்டுமா, டிரைவர் எல்லாவற்றையும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அன்றே வாங்கி வந்த புதிய கணிப்பொறியில் நிர்வாகி வேறு; அழைக்கும் பெயர்கள் வேறு; கேட்கும் முறையும் வேறு. ஆகவே நடுவில் ஒருவரை நிறுத்தத் தீர்மானித்தார் நிரலர். பழைய நிர்வாகியின் சட்டையை மாட்டிக்கொண்டு டிரைவரின் வேண்டுகோளை வாங்கி, புதியவருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் இணைப்பு நிரல் அது.

வெள்ளி முழுவதும் டிரைவரைப் பிரித்து, அது என்னென்ன கேட்கிறது என்று பட்டியலிட்டார். பதினேழு வேண்டுகோள்கள். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க, முப்பத்தாறு வயதில் இருந்த தம்மையே எதிரே உட்காரவைத்ததுபோல் இருந்தது. ஒரே செய்தியை இரண்டு முறை சரிபார்க்கும் அந்தப் பயம் அவருடையது. பிழை வந்தால் மூன்று முறை முயன்றுவிட்டுத்தான் கைவிடும் அந்தப் பிடிவாதமும் அவருடையதே. தோலும் பசையும் கலந்த வாடை நாசியில் ஏறியது. எதிர் மேசையில் அந்த நாட்களில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. சாப்பிடக் கூப்பிட்டு அவர் எழாவிட்டால், கத்தரிக்கோலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவாள்; மூன்றாவது தட்டுக்கு அவர் காத்திருந்ததில்லை.

சனிக்கிழமை நண்பகலில் பதினேழும் முடிந்தன. வரைபொறியின் கை அசைந்தபோது மைத்துனர் வாய்பிளந்து நின்றார். ஆனால் தாளை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கோடும் தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்காமல் நகத்தின் அகலம் தள்ளித் தொடங்கியிருந்தது. மை காய்ந்துவிட்டது என்று தீர்ப்பளித்த மைத்துனர் மூன்று பேனாக்களை மாற்றினார். மாற்றம் எதுவுமில்லை. சரி, விட்ட இடங்களைப் பென்சிலால் தாமே சேர்த்துவிடுவதாகச் சொல்லி, நேர்கோடுகளை இழுத்து, அட்டையில் பாத அச்சை வெட்டியும்விட்டார்.

மூன்று மணிக்குத் தபால்காரம்மா வந்து அதன்மேல் நின்றார். குதிகாலின் வளைவு நேர்கோட்டில் காணாமற்போயிருந்தது. குதிகால் ஓரமாக வெளியே வழிந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு, யாரையும் நோகடிக்க விரும்பாத குரலில், "பரவால்ல தம்பி. மேசை வேலையும் வேலதான்" என்றார்.

நிரலருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மனைவி உள்ளே வந்தாள். பகல் சாப்பாட்டை மறந்த மனிதரைத் திட்டுவதற்காக வந்தவள், திட்டாமல், மறுபடி ஓடிக்கொண்டிருந்த வரைபொறியையே பார்த்தாள்.

"என்னங்க, பேனா இன்னும் உக்காரவே இல்ல. அதுக்குள்ள கை ஓடுது."

அவர் நிமிர்ந்தார். இதே சொற்களை இதே அறையில் அவள் சொல்லியிருக்கிறாள். அன்று அவர் பேனா இறங்குவதற்கு, கெர்னலின் கடிகாரக் கணக்கில், ஐந்து துடிப்புகள் வைத்திருந்தார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிச் சொல்லி, தாள் தாளாகப் பார்த்து, அதைப் பதினைந்துக்கு ஏற்றவைத்தவள் அவள்தான்.

பதினைந்து துடிப்புகள்! பழைய கெர்னலுக்கு ஒரு நொடி என்பது நூறு துடிப்பு, புதியதற்கு ஆயிரம். டிரைவர் பதினைந்து என்று கேட்டதை, இவருடைய இணைப்பு நிரல் பதினைந்து என்றே வாங்கிக் கொடுத்துவிட்டது. எண்ணைக் கொடுத்தவர் அலகைக் கொடுக்கவில்லை. பத்தில் ஒரு பங்கு நேரமே கிடைத்த பேனா தாளைத் தொடுவதற்குள் கை கிளம்பிவிட்டது. அலகைக் குறிப்பிடாத எண்ணைக் கண்டால் இளையவர்களைக் காய்ச்சி எடுத்த மனிதர் செய்த காரியம் இது. ஒரே வரியில் பத்தால் பெருக்கினார்.

பேனா இறங்கியது, டக்கென்று உட்கார்ந்தது, பிறகே கை நகர்ந்தது. கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிந்தது. தபால்காரம்மா புதிய அட்டையில் ஏறி நின்று, உடம்பின் எடையை இடமும் வலமும் மாற்றிப் பார்த்தார். நாளை எத்தனை மணிக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டார்.

"சாயங்காலம் வாங்க," என்றாள் மனைவி, தம்பியை முந்திக்கொண்டு. தம்பி ஒருவனால் அது முடியாதென்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே வந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். பின்னறையில் சும்மா நின்ற கணவரை, நிற்கிற கைக்கு வேலை உண்டு என்று தோலின் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னாள். வலப்புறம் இழுத்தால் இடப்புறம் என்றாள். இடப்புறம் இழுத்தால் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டே அவர் பிடித்தார். இந்தக் கைக்கா அக்காவைக் கட்டிக் கொடுத்தோம் என்று மைத்துனர் தோலைப் பார்த்துக் கேட்டார்.

ஞாயிறு மாலை காலணியை மாட்டிக்கொண்ட தபால்காரம்மா, தெருமுனை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். மூவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். நடையில் சாய்வில்லை. முனை வந்தது. அவர் நிற்கவில்லை, திரும்பவுமில்லை. அப்படியே வளைந்து, தம் வீட்டை நோக்கி நடந்துகொண்டேயிருந்தார்.